பள்ளிக்கூட வரியும் ஆரஞ்சு ஸ்வெட்டரும்

ஆல்டர் ஃபால்ஸ்,
நவம்பர் மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பும் மதிப்பும் மிகுந்த அக்கா லோரெய்னுக்கு, தம்பி ரஸ்ஸல் தலைகுனிந்து எழுதும் கடிதம்.

இங்கே நானும் மனைவி டாட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே அரிசோனா வெயிலில் நீயும் ஹாரல்ட் அத்தானும் அவ்வாறே இருக்க வேண்டுமென்று கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். தலைகுனிந்து என்று எழுதியது மரியாதைக்காக அல்ல. நிஜமாகவே குனிந்துதான் இருக்கிறது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவள் நீ. உனக்கு இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

நம் பள்ளிக்கூட வரி ஓட்டெடுப்பில் தோற்றுப்போன செய்தி உனக்கு எட்டியிருக்கும். நீ ஓய்வு பெற்றுப் போன பிறகு இங்கே நிலைமை மோசம். மாநில அரசு இப்போது ஓட்டலுக்குப் போடுவதுபோலப் பள்ளிக்கூடங்களுக்கும் நட்சத்திரம் போடுகிறது. நமக்கு ஐந்துக்கு இரண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் வாசிக்கத் திணறுகிறார்கள். அவர்களைக் கரையேற்ற இருப்பது பெவர்லி நோவாக் ஒருத்திதான். துடைப்பமும் வாளியும் வைத்திருந்த அறையைக் காலிசெய்து அதில் நாலு குட்டி நாற்காலி போட்டு, நாலு நாலு பேராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். என் பேத்தி ஏவா போன வருடம் புத்தகத்தைக் கண்டாலே அழுவாள். இப்போது கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவைக்கூட விடாமல் சத்தம் போட்டுப் படிக்கிறாள். வீட்டு வரியைக் கொஞ்சம் ஏற்ற ஊர் சம்மதித்தால் பெவர்லியின் வேலை இருக்கும், இல்லையென்றால் ஜூன் மாதத்தோடு போகும். விஷயம் அவ்வளவுதான். அதனால்தான் வரி ஆதரவுக் குழுவுக்குத் தலைவராக இருக்கச் சொன்னபோது ஒப்புக்கொண்டேன். ஹார்டுவேர் கடையை விற்றபின் எனக்கும் வேறு வேலை இல்லை.

இரண்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினேன், அக்கா. டைனர் ஓட்டலில் எர்ல் கிம்பிள் தினமும் என்னை மடக்குவான். "ரெண்டு நட்சத்திரம் வாங்குன பள்ளிக்கூடத்துக்கு இன்னும் வரியா? முதல்ல நட்சத்திரத்த வாங்கச் சொல்லு, அப்புறம் காசு தர்றேன்" என்பான். "காசு குடுத்தாத்தான்யா நட்சத்திரம் வரும்" என்பேன் நான். "வந்தாத்தான் காசு" என்பான் அவன். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதையாக இது முட்டை ஆறும்வரை ஓடும். இதே எர்ல்தான் கால்பந்து மைதானத்துக்குப் புது ஸ்கோர்போர்டு வாங்க முதல் ஆளாகப் பணம் கொடுத்தவன். அது ஒரே வாரத்தில் வந்து நின்றுவிட்டது. அதில் நம் பக்கம் பூஜ்யம் தெளிவாகத் தெரிகிறது.

இனி வாக்குப்பதிவு நாளுக்கு வருகிறேன். அன்றைக்கு விடியும்போதே எலும்பைக் கடிக்கும் குளிர். ரோட்டோரம் அட்டை பிடித்து நிற்க வேண்டும், முடியாதவர்களை வண்டியில் ஓட்டுப் போட ஏற்றிக்கொண்டு போகவும் வேண்டும். மேலே கோட்டு போட்டால், 'பள்ளிக்கு ஆம் சொல்லுங்கள்' என்று எழுதிய நீலச் சட்டை மறைந்துவிடும். எனவே சட்டைக்கு உள்ளே எதையாவது கனமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று இருட்டில் அலமாரியைத் துழாவினேன். வீட்டிலேயே கனமான ஸ்வெட்டர் கையில் அகப்பட்டது. அது மருமகன் கைல் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. மருமகன் எந்த ஊர் என்று உனக்கு நினைவிருக்கும். நம் பரம எதிரியான பக்கத்து ஊர் கார்வின். ஆரஞ்சு நிறம், நெஞ்சை அடைத்துக்கொண்டு கார்வின் அணியின் பல்லைக் காட்டும் கரடி. பத்து நாளுக்கு முன்புதான் அவர்கள் நம் பிள்ளைகளை நம் மைதானத்திலேயே புரட்டி எடுத்திருந்தார்கள். வரி தோற்றால் நம் பள்ளியைக் கார்வினோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஊர் முழுக்கப் பயமுறுத்திக்கொண்டிருந்தவனும் நான்தான். உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது என்று போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

காலையில் நான் முதலில் ஏற்றிக்கொண்டு போனது ஹெங்கல் கிழவியை. அவளை லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஓட்டுப் போட விட்டுவிட்டு, நானும் வரிசையில் நின்றேன். மேசைக்குப் பின்னால் வில்மா ஷ்ரோக். ஞாயிறு பள்ளியில் மோசேயையே கேள்வி கேட்பாள், உனக்குத் தெரியாததா? "ரஸ்ஸல், இந்தச் சட்டையோட உள்ள வரக்கூடாது. பிரச்சாரம். சட்டம் அப்படி" என்றாள். "என்ன வில்மா, என்னைத் தெரியாதா உனக்கு?" என்றேன். "தெரிஞ்சதாலதான் சொல்றேன். கழட்டி உள்பக்கத்த வெளியே திருப்பிப் போடு. அதான் உள்ளே ஸ்வெட்டர் இருக்கே, என்ன வெட்கம்? இங்கேயே மாத்து, நாங்க பாக்கல."

எனக்குப் பின்னால் யார் தெரியுமா? கால்பந்துப் பயிற்சியாளர். அவருக்குப் பின்னால் எர்ல். அவனுக்குப் பின்னால் நம் அணியின் நீலத் தொப்பியோடு பாதி ஊர். கழிப்பறையில் போய் மாற்றலாமென்றால் குழாய் உடைந்து பூட்டி வைத்திருந்தார்கள். கழுத்தோரம் ஆரஞ்சு எட்டிப்பார்க்கிறதோ என்று கையால் மூடிக்கொண்டு, "அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வண்டியில் உட்கார்ந்து மாற்றலாமென்று போனால், ஹெங்கல் கிழவி ஓட்டுப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்திருக்கிறாள். ஓட்டுப் போட்டவர்களுக்கு 'நான் வாக்களித்தேன்' என்று ஒட்டுவார்களே, அந்தச் சீட்டு அவள் ரோமக் கோட்டில் ஒட்டவில்லையாம். "நீயே வச்சிக்கோ கண்ணு" என்று என் நெஞ்சில் தட்டி ஒட்டிவிட்டாள். அதைப் பிய்த்து எறிய எனக்குத் தோன்றவில்லை. வண்டியை எடுத்தேன்.

பிறகு ஒருவர் மாற்றி ஒருவராக வண்டியில் ஆள் இருந்துகொண்டே இருந்தது. நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், ஓட்டுப் போடவே விருப்பமில்லை என்றவர்களைக்கூட ஆப்பிள் பை பலகாரம் வாங்கிக்கொடுத்து ஏற்றிக்கொண்டு போனேன். சாயங்காலம் வீட்டுக்கு ஓடி ஸ்வெட்டரை மட்டும் கழற்றிவிட்டு, அதே நீலச் சட்டையோடு திரும்பினால், தானிய ரயில் வந்து ரோட்டை மறித்து நின்றுவிட்டது. அதன் வழக்கம் உனக்குத் தெரியும், ஒருமுறை நின்றால் எப்போது கிளம்பும் என்று அதற்கே தெரியாது. அது நகர்ந்து நான் சர்ச்சுக்குப் போனபோது வில்மா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். என் நெஞ்சில் இருந்த சீட்டைப் பார்த்துச் சிரித்தாள். தான் மதியம் சாப்பிடப் போயிருந்தபோது நான் வந்து போட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

தீயணைப்பு நிலையத்தில் முடிவு சொன்னார்கள். ஆம் என்றவர்களும் இல்லை என்றவர்களும் சரிசமம். சமமென்றால் சட்டப்படி தோல்வி.

அக்கா, என் காதில் ரயில் ஓடியது. எல்லோரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். "ஒரே ஒரு ஆளு. எவன்யா அந்தப் புண்ணியவான், வீட்லயே படுத்துக் கெடந்தவன்?" என்று எர்ல் கேட்டான், இல்லை என்று போட்டவனுக்கு அவ்வளவு வருத்தம். முடிதிருத்தும் லெனர்ட் முதுகுப்பிடிப்பில் அன்று வரவில்லை என்று யாரோ சொன்னார்கள். "பள்ளிக்கூடத்துக்குன்னா மட்டும் அவனுக்கு முதுகு புடிச்சுக்கும்" என்றார் பயிற்சியாளர். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். மறுநாளிலிருந்து லெனர்ட் கடையில் ஒருவரும் முடி வெட்டிக்கொள்வதில்லை. எனக்கு முடி காதை மூடுகிறது, ஆனால் அவன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அதற்கு நடுவில் சர்ச் பெண்கள் என் உழைப்பைப் பாராட்டி ஆப்பிள் பை செய்து அனுப்பினார்கள். "நீங்க எப்போ போய் ஓட்டுப் போட்டீங்க?" என்று டாட்டி கேட்டாள். "காலையிலேயே" என்றேன். பையைச் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இறங்கியது, நன்றாகவும் இருந்தது. எனக்கு வெட்கம் தாங்கவில்லை அக்கா. ஒரு ஸ்வெட்டரை நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்று கூசி, பெவர்லியின் வேலையைத் தின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடப் போகிறேன். லெனர்டிடமும் மன்னிப்புக் கேட்பேன். எனக்காக ஜெபம் செய்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் மூட்டுவலிக்கு டாட்டி தைலம் அனுப்புகிறாள். உன் ஆசீர்வாதம் எனக்கு இருக்குமென்றால், அதை எதிர்பார்க்கும்

தம்பி,
ரஸ்ஸல் டிட்மர்.

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் இனி தேவையில்லை, அக்கா. உறையை ஒட்டப் போகும் நேரத்தில் பெவர்லி கூப்பிட்டாள். தபால் ஓட்டுகளையும் எண்ணி முடித்துவிட்டார்களாம். "ரஸ்ஸல், உங்களுக்கு நானே சொல்லணும்னு நெனச்சேன். சமமெல்லாம் இல்ல. பதினேழு ஓட்டுல போயிடுச்சு" என்றாள். ஆக, நான் போட்டிருந்தாலும் தோற்றுத்தான் இருக்கும், லெனர்ட் பேரும் தப்பித்தது, ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நிற்கவும் வேண்டாம். என்னை அறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது: "அப்பாடா."

"என்ன சொன்னீங்க?" என்றாள். முதுகு பிடித்துக்கொண்டது என்றேன். வெந்நீர்ப் பையை எங்கே, எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.