மச்சானுக்குக் கொம்பு முளைத்த விவரம்

வெள்ளக்கடை, ஏற்காடு மலை.
ஞாயிறு, பூசை முடிந்து.

மதிப்பும் பிரியமும் மிக்க மச்சான் மனுவேல் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் மரியதாஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும், உங்கள் தங்கை மரியபுஷ்பமும், மகள் ஜெஸ்லினும் மாதாவின் தயவில் நலம். அங்கே ஆத்தூரில் உங்கள் நலமும், அக்காவின் நலமும், அக்காவின் மூட்டுவலி எந்த அளவில் இருக்கிறது என்பதும் அறிய ஆவல்.

நீங்கள் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆகவே எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற நான் மறுபடி பேனாவைத் தூக்க வேண்டியதாகிவிட்டது. ஜெஸ்லினின் நிச்சயதார்த்தம் அடுத்த ஞாயிறு. தாய்மாமன் கையைப் பிடித்துச் சபைக்குக் கூட்டி வராவிட்டால் நிச்சயமே வேண்டாம் என்று பிள்ளை பிடிவாதமாக இருக்கிறாள். நீங்களோ இனி இந்த மலை ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே விஷயத்துக்கு நேராக வந்துவிடுகிறேன். வெள்ளக்கடை பஸ் நிறுத்தத்தில் 'அனைவரையும் அன்புடன் வரவேற்கும் தாய்மாமன்' என்ற எழுத்துக்கு மேலே ஃப்ளெக்ஸில் சிரித்துக்கொண்டு நின்றது நீங்கள் அல்ல. அது ஒரு பிசாசு. இதைக் கேட்டு நீங்கள் ஆறுதல் அடைய வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். ஜெஸ்லின் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் 'டிசைன்' வேலை செய்கிறாள் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். நீங்களும் சேலை டிசைன் என்று எடுத்துக்கொண்டு, அக்காவுக்கு மாம்பழ பார்டரில் ஒன்று கேட்டிருந்தீர்கள். உண்மையில் அவள் நரகம் செய்கிறாள் மச்சான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி என்று வேஷம் சொல்லிக்கொண்டு, பகடையை உருட்டி உருட்டிக் கதையை நடத்திக்கொண்டு போகும் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம். அதற்கு மேலே ஒரு வானலோகம், கீழே ஒரு பாதாளம், எல்லாம் யாராவது உட்கார்ந்து யோசித்துச் செய்ய வேண்டும். பெங்களூர்க் கம்பெனி ஒன்று பாதாளத்தை மொத்தமாக நம் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டது. ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளை, பூசைப் பாடல் பாடுகிற பிள்ளை, அவளுக்குப் போய் இந்தப் பொறுப்பா என்று நான் முதலில் திகைத்தேன். சம்பளம் ஒழுங்காக வருகிறது என்றதும் திகைப்பு குறைந்தது.

அதில் சாத்தான் வேறு, பிசாசு வேறாம். "அப்பா, சாத்தான்னா சட்டப்படி கெடுக்கறவங்க. கையெழுத்து, முத்திரை, மேலதிகாரி எல்லாம் உண்டு. பிசாசுன்னா கண்டபடி கெடுக்கறது. ஆர் சொன்னாலும் கேக்காது" என்று விளக்கினாள். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. முன்னது எஸ்டேட் ஆபீஸ், பின்னது ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைச் சுற்றுலாக் கூட்டம். அன்றைக்கே சாத்தான் பிரிவை நான் கையில் எடுத்துக்கொண்டேன். மேலே ஒரு மேனேஜர் சாத்தான், அவருக்குக் கீழே ரைட்டர் சாத்தான், அதற்குக் கீழே மேஸ்திரிச் சாத்தான்கள். காலையில் பேர் கொடுக்காத பாவிக்கு அன்றைக்கு வேதனை கிடையாது, ஆனால் மறுநாள் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். தாமதமாக வந்தால் அரை நாள் வேதனை. கொதிக்கிற எண்ணெயில் இருந்து எழுந்திருக்க வேண்டுமானால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அந்த இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் சேலத்துக்குப் போயிருப்பார். இவ்வளவு கொடூரத்தைத் தாங்கள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை என்று கம்பெனி பாராட்டி எழுதியதாம். எங்கள் ஆபீசில் இதுதான் சாதாரண நடைமுறை என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

சாத்தான்கள் தேறிவிட்டார்கள், பிசாசுகள்தான் சிக்கிக்கொண்டன. ஜெஸ்லின் பத்துத் தலை வைத்தாள், வௌவால் ரெக்கை வைத்தாள், வாலில் தீ வைத்தாள். எல்லாவற்றையும் கம்பெனி திருப்பி அனுப்பியது. பார்த்ததும் பயத்தோடு கொஞ்சம் எரிச்சலும் வர வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளை படங்களை முன்னறைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்து, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் பார்த்தா அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறையாக வர வேண்டும்? தெருவிலிருக்கும் குடும்பங்கள் எல்லாம் வாரம் ஒரு வீட்டில் கூடி, ஜெபமாலை சொல்லி, சுண்டல் தின்று கலையும் கூட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கை சுவரை மறைத்துப் போர்வையைத் தொங்கவிட்டு, அதன் மேல் மாதா படத்தையும் மாட்டி வைத்தாள். மாதா படத்தின் கனத்தில், ஜெபமாலையில் மூன்றாம் தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருக்கும்போது போர்வை மொத்தமாக இறங்கிவிட்டது.

கூட்டம் அப்படியே நின்றது. அன்பியத் தலைவி மரியசெல்வி எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படமாகக் கிட்டப் போய்ப் பார்த்தார். "ஏனுங்க, இதெல்லாம் ஆரு ஊட்டுப் பிசாசுங்க?" என்று கேட்டார். நான் தடுமாறித் தடுமாறி விவரம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், "கண்ணு ஜெஸ்லினு, இதுக்கெல்லாம் ஆரு பயப்படுவாங்க? பல்லு நொம்ப வெள்ளையா இருக்குது. ஊருக்குள்ள எத்தன பிசாசு சுத்துது, அத வரைவியா, ரெக்கையப் போட்டுக்கிட்டு இருக்கற" என்றாரே பார்க்கலாம். அவ்வளவுதான். இரவல் வாங்கின குக்கரைக் கேஸ்கட் இல்லாமல் திருப்பித் தரும் பிசாசு ஒன்று. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு நம் தோளில் சாய்ந்து எச்சில் வடிக்கும் பிசாசு ஒன்று. சாவு வீட்டில் வந்து, இறந்தவரைப் பற்றிப் பேசாமல் தன் மகனின் சம்பளத்தைப் பற்றிப் பேசும் பிசாசு ஒன்று. அவரவர் பிசாசை விவரிக்கும்போது அவரவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே விவரித்தார்கள். ஜெஸ்லின் கை வலிக்க வரைந்தாள். நான்காம் ஐந்தாம் தேவ இரகசியங்கள் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயின. பிறகு பங்குச் சாமியார் கேள்விப்பட்டு வந்து பார்த்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது அல்லவா, அதனால் எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு படத்தின் முன்னால் மட்டும் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நம் பிரச்சினை அந்தக் கூட்டத்திலேயே, சுண்டல் வருவதற்குச் சற்று முன்னால் ஆரம்பித்தது. "பந்தியில மொத ஆளா உக்காந்து, மூணு தடவ வாங்கித் தின்னுபோட்டு, கை கழுவறப்ப 'உப்பு கொஞ்சம் தூக்கலுங்க'ன்னு சொல்லுமே ஒரு பிசாசு, அத வரஞ்சியா கண்ணு?" என்று மரியசெல்வி கேட்டார். சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், ஒருவரும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை என்பது வேறு விஷயம். உங்கள் தங்கை மட்டும் சுண்டலுக்கு உப்புப் பார்க்கிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். ஜெஸ்லின் முதலில் மீசையைப் போட்டாள், பிறகு தோளில் துண்டு, பிறகு புருவத்தைத் தூக்கிக்கொண்டு சோற்றைப் பார்க்கிற அந்தப் பார்வை. மூக்குக்குப் பக்கத்து மச்சம் தற்செயலாக விழுந்தது. கொம்பு கம்பெனி விதிப்படி வைத்தது. படம் போன மறுநாளே கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது, இதுதான் நாங்கள் தேடின பிசாசு என்று.

இனி ஃப்ளெக்ஸ். தாய்மாமன் படம் இல்லாமல் ஒரு விசேஷம் நடக்குமா நம் பக்கத்தில்? ஜெஸ்லினின் பென்டிரைவை எடுத்துக்கொண்டு சேலத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் சக்திவேலிடம் போய், 'மாமா' என்று இருக்கும் படத்தை எடுத்துக்கொள்ளப்பா என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். மாமா என்று இரண்டு படம் இருந்திருக்கிறது. தெளிவாக இருந்ததை அவர் எடுத்துக்கொண்டார். கொம்பைப் பார்த்துமா கேட்கவில்லை என்று பிறகு சண்டைக்குப் போனேன். "ஏனுங்க, போன வாரந்தான் ஒரு தாய்மாமனச் சிங்கத்து மேல உக்கார வெச்சு அடிச்சுக் குடுத்தேன். இன்னொருத்தருக்கு ரெண்டு பக்கமும் ரெக்கை. கொம்புதானுங்களே, ஊட்டு ஆசைன்னு நெனச்சேனுங்க" என்கிறார்.

அதைவிடக் கொடுமை, ஃப்ளெக்ஸ் கட்டிய பிறகு ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கொட்டச்சேட்டுச் சனம் பார்த்தது, செம்மநத்தத்துச் சனம் பார்த்தது, நானே அதன் நிழலில் நின்று பஸ் ஏறினேன், இறங்கினேன். "மச்சான் கொஞ்சம் எளச்சுட்டாருங்களே, சக்கரையா?" என்று இரண்டு பேர் அக்கறையாக விசாரித்தார்கள். நானும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன். எந்தப் புண்ணியவான் படம் பிடித்து ஆத்தூருக்கு அனுப்பினானோ தெரியவில்லை, "இனி அந்த மலை ஏறுனா எம்பேரு மனுவேலே இல்ல" என்று நம் குடும்பக் குரூப்பில் உங்கள் குரல் கேட்ட பிறகுதான் நாங்கள் ஓடிப் போய் அண்ணாந்து பார்த்தோம்.

அன்று முதல் ஜெஸ்லின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. "இவ்வளவு பாசம் இருக்கறவ எதுக்கு மாமனப் பிசாசா வரஞ்ச?" என்று நானும் கத்திவிட்டேன். அவள் அழுதுகொண்டே கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பிசாசின் வேலை என்ன என்று காட்டினாள். அது பாதாளத்து வாசலில் உட்கார்ந்து நரகத்தையே குறை சொல்லுமாம். "இதெல்லாம் ஒரு நெருப்பா, வெறகு ஈரம்" என்னும், "எண்ண பழசு" என்னும், "ஈட்டியப் பிடிக்கற முறையே இது இல்ல" என்னும். சாத்தான்கள் மனம் நொந்து, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு நிற்பார்களாம். அந்த நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் தப்பித்து ஓடிவிடலாம். அந்த மொத்த நரகத்திலும் தப்பிக்க இருக்கிற ஒரே வழி அந்தப் பிசாசுதான். "போர்டிங்குல சேத்துனப்ப, அங்க வந்து, சோறு சரியில்ல, தண்ணி சரியில்ல, கட்டலு ஆடுதுன்னு சண்டை புடிச்சு, என்ன ஊட்டுக்குக் கூட்டியாந்தது மாமாதானேப்பா? நரகத்துல மாட்டுனா நமக்கு ஆரு வருவாங்கன்னு யோசிச்சேன். மாமா மூஞ்சிதான் வந்துச்சு" என்றாள். மச்சான், உங்கள் மேல் இப்படி ஒரு நம்பிக்கை வைத்திருக்கிற பிள்ளையைச் சபையில் தனியாக நிற்க விட்டுவிடாதீர்கள்.

பரிகாரம் எல்லாம் செய்தாகிவிட்டது. அந்த ஃப்ளெக்ஸை நேற்றே இறக்கிக் கோழிக்கூண்டுக்கு மேல் போட்டுவிட்டேன். உங்கள் மகன் கல்யாணத்தில் கோட்டுப் போட்டு எடுத்த படத்தை வைத்துப் புதிது கட்டியாயிற்று. அதில் கொம்பு இல்லை, நானே ஏணி போட்டு ஏறித் தடவிப் பார்த்தேன். கம்பெனிப் படத்திலும் மச்சத்தை மற்றப் பக்கம் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்கும் உங்களைப் பற்றி உயர்வாகவே சொல்லி வைத்திருக்கிறேன். பிரியாணியைப் பற்றி நீங்கள் என்ன சொன்னாலும் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டோம். வேண்டுமானால் உப்பே போடாமல் இறக்கி வைக்கச் சொல்கிறேன், நீங்கள் வந்து உங்கள் வாயாலேயே அளவு சொல்லுங்கள்.

புனித அந்தோணியார் தொலைந்த சாவியையும் தொலைந்த சொந்தத்தையும் ஒரே போலத் தேடித் தருகிறவர், அவர் உங்கள் மனதையும் எங்கள் பக்கம் திருப்பி அனுப்புவாராக. அக்காவுக்கு என் தோத்திரமும், பேரப்பிள்ளைகள் நெற்றியில் ஒவ்வொரு சிலுவையும்.

இப்படிக்கு,
உங்கள் வருகையை நோக்கியிருக்கும்,
மரியதாஸ்.

பி.கு.: ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடலாம் என்று பஸ் நிறுத்தத்துக்குப் போனால், சேலம் பஸ்ஸிலிருந்து நீங்களே இறங்குகிறீர்கள். என்னோடு பேசாமல் புது ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க மாப்பிள்ள, இது ஆருங்க?" என்றீர்கள். நீங்கதானுங்க மச்சான் என்றேன். "மூஞ்சியில ஒரு களையே இல்லீங்களே. பழசு எங்க?" என்றீர்கள். இப்போது கோழிக்கூண்டிலிருந்து அதை இழுத்து வந்து முன்னறையில் விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, இடது கொம்பு கோணல், மீசை மெலிசு, துண்டுக்குப் பச்சைக் கரை வைக்கத் தெரியாதா என்று ஜெஸ்லினைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். சுண்டல் மூன்றாம் தடவை உள்ளே போயிருக்கிறது, உப்பு தூக்கல் என்பதும் சொல்லியாகிவிட்டது. ஆகவே மேலே எழுதின எதுவும் இனிப் பொருந்தாது. ஆனாலும் எழுதியாகிவிட்டதால் கடிதத்தைக் கையிலேயே கொடுக்கிறேன். மச்சத்தை மற்றப் பக்கம் மாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கும் இடத்தைப் படிக்கும்போது மட்டும் கோபப்பட வேண்டாம். நீங்கள் சொன்னபடியே ஜெஸ்லின் அதை மூக்குக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள், முன்னைவிடச் சற்றுப் பெரிதாக.