கூரான் அண்ணையும் கரண்ட் போன காலையும்

"பிரெஞ்சு படிச்சாப்போலை குளிராதோ, பிள்ளை?" என்று கூரான் அண்ணை ஒருநாள் படிக்கட்டில் மறித்துக் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பைக் கண்ட முதல் ஆள் நான். பாஸ் பண்ணிய கடுதாசியோடு படியேறி வருகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

பதிலைப் பிறகு சொல்கிறேன், முதலில் ஆளைச் சொல்ல வேண்டும். பாரிஸ் குளிரோடு நேருக்கு நேர் சண்டை பிடித்த மனிதர் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் கோட்டைப் போட்டுக்கொண்டு சமரசமாகிவிட்டோம்.

மார்க்ஸ் டோர்மோய் பக்கம் பழைய கட்டடம். மூன்றாம் மாடியில் எங்கள் கதவுக்கு எதிர்க் கதவு அவருடையது. ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை. கதவிடுக்கால் வருகிற குளிர்காற்றைப் பிரெஞ்சில் "கூரான் டேர்" என்பார்கள். பதினைந்து வருடத்தில் அவர் மனதார விரும்பிக் கற்ற பிரெஞ்சு அது ஒன்றுதான். அதிலும் பாதியை வெட்டிவிட்டு "கூரான்" என்பார். வீட்டுக்கு யார் போனாலும் "இருங்கோ" என்று சொல்ல மாட்டார். "கதவைச் சாத்துங்கோ, கூரான் வருகுது" என்பார். அவருடைய உண்மைப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

லீவு நாளில் சந்தன ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாக நடப்பார். புகை எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை. உடனே இடுப்பில் கட்டிப் பழசான சாரத்தைக் கிழித்து, உருட்டி, அடைத்துவிடுவார். புதிதாகக் குடிவந்த ஒருவர் அந்த வாசத்தை நம்பி, உள்ளே கோயில்தான் இருக்கிறதென்று கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டிருக்கிறார்.

ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, விடிகிற நேரம் கரண்ட் போனது. கட்டடம் முழுக்க மின்சார ஹீற்றர்தான். அக்கா பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்றே நாள். ஒன்பது மணிக்கெல்லாம் வாயைத் திறந்தால் ஆவி பறந்தது. அம்மா குழந்தையின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றார்.

நான் மின்சாரக் கந்தோருக்குப் போன் எடுக்கப் போனேன். கூரான் அண்ணை குறுக்கே வந்தார்.

"நீ சின்னப் பிள்ளை. கந்தோர்க்காரரோடை ஆம்பிளைக் குரலிலை கதைக்க வேணும்."

"ஓம், அவரே கதைக்கட்டும்" என்றார் அப்பா.

அவர் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் கதைத்தார். வெளியே வந்து "எல்லாம் சொல்லியாச்சு" என்றார்.

ஒருவரும் வரவில்லை. பதினொரு மணிக்கு யாரையும் கேட்காமல் நானே எடுத்தேன். கந்தோரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்கள் கட்டடத்திலிருந்து ஏற்கெனவே ஒருவர் பேசியிருக்கிறார். கூரான் எல்லா இடத்திலும் இருக்கிறதாம்."

பிரெஞ்சில் மின்சாரத்துக்கும் பெயர் கூரான்தான்.

போனைப் பிடித்தபடியே எதிர்க் கதவைத் தட்டினேன். "அண்ணை, அவங்கள் உங்களிட்டை என்ன கேட்டவங்கள்?"

"கூரான் இருக்கோ எண்டு கேட்டான். நல்ல பொடியன். மற்றதொண்டும் எனக்கு விளங்கேல்லை. இருக்கு மெசியே, நிறைய இருக்கு, கதவுக்குக் கீழை, யன்னலுக்கை, குசினிக்கை, எல்லா இடமும் எண்டு சொன்னன்."

"அவன் கேட்டது கரண்டை."

அண்ணையின் வாய் ஊதுபத்திப் புகைபோல ஒரு பக்கமாக வளைந்தது.

நான் அந்தப் பெண்ணுக்கு இரண்டு கூரானையும் பிரித்து விளக்கினேன். முதலில் சிரித்தாள். எட்டு நாள் குழந்தை இருக்கிறது என்றதும் சிரிப்பை நிறுத்தினாள். ஆட்கள் வருவார்கள், மூன்று மணித்தியாலம் ஆகும் என்றாள்.

அம்மா பையை எடுத்துவிட்டார். குழந்தையோடு ரயிலேறிப் பெரியம்மா வீட்டுக்குப் போவதாம். வெளியே நாயும் நடக்காத குளிர். அப்போது அண்ணை தன் கதவை அகலத் திறந்தார். அவர் அப்படித் திறந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"பிள்ளையை இஞ்சை கொண்டு வாங்கோ."

இரவு ஹீற்றர் கொடுத்த சூடு அந்த அறைக்குள் அப்படியே இருந்தது. அக்கா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தாள். மேல்மாடிக் குடும்பமும் வந்து சேர, பதினொரு பேரானோம். அப்போதுதான் கவனித்தேன்: காற்றுப் போக வைத்திருந்த சுவர்த் துவாரத்திலும் சாரம்.

"இதைக் கழட்ட வேணும், அண்ணை."

"கூரான் வரும்."

"வரட்டும். பதினொரு பேர் மூச்சு விடுகிறம்."

"அப்ப குளிரும்."

"குளிரும்தான். உயிரோடை இருந்தால்தானே குளிரும்."

குழந்தையைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, தன் பல்லைத் தானே பிடுங்குகிறவர்போல அந்தச் சாரத்தை உருவினார். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. அம்மா குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார். பிள்ளையின் கால் இளஞ்சூட்டில் இருந்தது.

"அந்தக் கூரான் வந்திட்டுதெல்லே. எல்லாரும் போங்கோ. கதவைச் சாத்துங்கோ, இந்தக் கூரான் வருகுது" என்றார் அண்ணை.

இப்போது அவர் பாரிஸிலேயே ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கம் புது வீட்டில் இருக்கிறார். இரட்டைக் கண்ணாடி யன்னல். அடைக்க ஓர் ஓட்டை இல்லை, பாவம்.

படித்தாலும் குளிரும், அண்ணை. ஆனால் எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிற படிப்பும் இருக்கிறது. போன மாதம் அதில் சேர்ந்துவிட்டேன். கட்டடங்களில் சூடு கசிகிற இடம் தேடுவதுதான் வேலை. முதல் பயிற்சியில் கையில் ஒரு புகைக்குழாயைத் தந்து, சுவரோரமாகப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். வாசமே இல்லாத புகை என்று வகுப்பில் எல்லாரும் சொன்னார்கள். எனக்குச் சந்தனம் மணத்தது.