பவர் மீற்றருக்குப் பொட்டு வைத்த கதை

சாதாரண நாட்களில் நான் பெரிய பக்திமான் அல்ல. வேலை போய்விடுமோ என்ற பயம் வந்தால் மட்டும் என்னைப்போல் கும்பிடுகிறவனை மட்டக்களப்பு முழுக்கத் தேடினாலும் காண முடியாது. அந்தப் பயபக்திதான் என்னைக் கவிழ்த்தது.

அப்போது காத்தான்குடி ஃபாறூக் நானாவிடம் வேலைக்குச் சேர்ந்து தகுதிகாண் காலத்தில் இருந்தேன். கம்பனிகளுக்கு ஒளியிழைக் கேபிள் இழுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். கொக்கட்டிச்சோலையிலிருந்து பழுகாமத்துக்கு இழுத்த கேபிளைச் சோதித்துக் கம்பனி எஞ்சினியரிடம் ஒழுங்காக ஒப்படைத்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார். (அம்மா அதற்குள் ஊருக்கெல்லாம் நிரந்தரம் என்றே சொல்லி முடித்துவிட்டார்.)

கேபிளின் மறுமுனையில் எவ்வளவு வெளிச்சம் வந்து சேருகிறது என்று காட்டும் கருவிதான் பவர் மீற்றர். அது காட்டுவதை எப்படி நம்புவது? அதற்காக அதைக் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அங்குள்ள நியமக் கருவியோடு ஒப்பிட்டு, பிழை எவ்வளவு என்று எழுதி வாங்குவார்கள். கலிபரேசன் என்பது இதுதான். எங்கள் மீற்றர் சான்றிதழும் ஸ்டிக்கருமாகத் திரும்பி வந்தது ஆயுத பூசைக்கு முதல் நாள். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி நானா அதை என்னிடம் தந்தார்.

பூசையன்று வீட்டில் குறடு, கத்தரி, ஏணி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மீற்றரின் முறை வந்தது. முன்னால் திரை, பின்னால் ஸ்டிக்கர். எங்கே வைப்பது? உச்சியில் ஒரு சின்ன மூடி இருந்தது. மூடிக்கு வைத்தால் தொப்பிக்குப் பொட்டு வைத்த மாதிரி ஆகிவிடுமே என்று அதைக் கழற்றினேன். உள்ளே வட்டமாக, பளபளவென்று, பொட்டுக்கென்றே செய்த ஓர் இடம். தாராளமாக வைத்து மூடினேன். (வெளிச்சத்தை வாங்கும் கண்ணாடி அதுதான். படித்திருந்தேன். சத்தியமாகப் படித்திருந்தேன்.)

மறுநாள் பழுகாமத்தில் முதல் இழையைச் சோதித்தேன். நாலு டெசிபெல் குறைவு. அதாவது, பாதிக்கு மேல் வெளிச்சத்தைக் காணவில்லை. பன்னிரண்டு இழைகளும் அப்படியே. மத்தியானம் எஞ்சினியர் வரப்போகிறார்.

கேபிள் துண்டுகளின் இழைகளை நுனிக்கு நுனி உருக்கி ஒட்டியவள் எங்களோடு வேலைசெய்த நிரோஷா. அவளுடைய ஒட்டுகள் பிழை என்று நான் அறிவித்தேன். அவள் கோபப்படவில்லை.

“பன்னிரண்டும் ஒரே அளவுக்குப் பிழைக்குமா? முதல் உங்கட மீற்றரப் பாருங்க.”

“கொழும்பில கலிபரேற் பண்ணி வந்த சாமான். மீற்றர் பொய் சொல்லாது” என்று சான்றிதழை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். (அந்தக் குரலை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.)

வயல் வட்டை ஓரத்தில், கொதிக்கும் வெயிலில், வயல் வேலைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, நிரோஷா இரண்டு இணைப்புப் பெட்டிகளைத் திறந்து இருபத்துநாலு ஒட்டுகளையும் வெட்டி மறுபடி ஒட்டினாள். மீற்றர் அசையவில்லை. மூன்றாவது பெட்டியையும் திறக்கச் சொன்னேன். அவள் கருவியைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்த மீற்றரை வாங்கி, கேபிளைக் கழற்றி உள்ளே பார்த்தாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். நானாவும் எஞ்சினியரும் வாகனத்தை விட்டு இறங்கியது சரியாக அந்த நேரத்தில்.

“மறுகா என்ன, ஊதுபத்தியும் கொழுத்துவமா?” என்றாள்.

பதற்றத்தில் மீற்றரைப் பறித்துச் சட்டை நுனியால் துடைத்தேன். துடைக்க வேண்டாம் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் காய்ந்த குங்குமம் கண்ணாடியைக் கீறிவிட்டது. கலிபரேசன் அத்தோடு செத்தது. திரும்பவும் சான்றிதழ் எடுத்த பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லி எஞ்சினியர் போய்விட்டார்.

நானா கேபிள் உருளைமேல் உட்கார்ந்து மீற்றரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

“மனே, நீ பொட்டு வெச்சதுல எனக்கொண்டுமில்ல. அதுட கண்ணுக்குள்ளயா வெக்கிற?”

வேலையை விட்டு நிறுத்தவில்லை. தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீட்டினார். அந்த மூன்று மாதமும் நிரோஷாவின் ஒட்டுக் கருவிப் பெட்டியைத் தூக்குவது என் பொறுப்பு. மீற்றர் புதுக் கண்ணாடியோடு திரும்பியது. புதுச் சான்றிதழில் ‘பெறப்பட்டபோது இருந்த நிலை’ என்ற இடத்தில் ஆய்வுகூடத்துக்காரர் ‘சந்தனம்’ என்று எழுதியிருந்தார். நானா அதைப் பிரதியெடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டினார். எனக்கு அதைவிட வலித்தது வேறொன்று. இருபத்துநாலு நல்ல ஒட்டுகளை வெட்ட வைத்திருந்தேன். நிரோஷாவிடம் மன்னிப்புக் கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

யோசித்து முடிய இரண்டு வருடம் ஆனது. மன்னித்தாளா என்பது இன்றும் தெரியாது, கலியாணம் மட்டும் செய்துகொண்டாள். இப்போது வீட்டில் குழம்புக்கு உப்புக் காணாது என்று நான் வாய் தவறிச் சொன்னால் போதும், அவள் கண் ஏழு வயது மகள் பக்கம் போகும். மகள் தலையை நிமிர்த்திக் கேட்பாள்.

“அப்பா, நாக்கக் கடைசியா எப்ப கலிபரேற் பண்ணினீங்க?”

உப்பு உடனே சரியாகிவிடும்.