க்வில்லா அறிந்த ஒரே மனிதர்

மனித குலத்தின் அறிவு வரலாற்றில் மூன்று மாபெரும் தருணங்கள் உண்டு: நெருப்பு கண்டது, சக்கரம் கண்டது, மரக்காணம் திருமுருகன் க்வில்லா கற்றது. முதல் இரண்டும் இப்போது கண்டவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டதால் அவற்றுக்கு மதிப்பில்லை.

க்வில்லா ஒரு கணினி மொழி. எங்கோ பனி கொட்டும் நாட்டில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பொழுது போகாமல் படைத்தது. பொம்மையார்பாளையத்திலிருந்து மரக்காணம் வரை ஜாவா தெரிந்தவர்கள் இருநூறு பேராவது இருந்தார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த தெய்வசிகாமணியின் 'சர்வதேச' கணினி மையம், மூன்று மாதத்துக்கு முப்பது பேரை ஜாவாக்காரர்களாக்கிப் படியிறக்கியது. க்வில்லா தெரிந்தவன் திருமுருகன் ஒருவன்தான்.

"ஊரே படிக்கிற மொழியில என்ன இருக்குது? அது டீக்கடை பெஞ்சு. யார் வேணா உக்காரலாம்" என்பான். அவனுக்கு இரண்டு வருடமாக உட்கார ஓரிடமும் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

2006 வைகாசியில் அந்த இடம் வந்தது. உப்பு உற்பத்தியாளர் சங்கம் ஒரு கணினி வாங்கி, அதற்கு ஓர் 'இயக்குநரை'த் தேடியது. மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி. உப்பு ஏற்ற வரும் லாரிகளுக்கு முறை போட்டுத் தருவது பணி. அதுவரை டிரைவர்கள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். கட்டையின் முறையே வண்டியின் முறை. பல ஆண்டுகளாக ஒரு சண்டையும் வராமல் நடந்த காரணத்தால், இந்த ஏற்பாட்டை உடனே நவீனமாக்க வேண்டும் என்று சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது.

"டேய், இந்த வேலையையும் கோட்டை விட்டீன்னா திங்கக்கெழமையிலேருந்து பாத்தியில எறங்கி உப்பு வாரு. சொல்லிட்டேன்" என்றார் அவன் அப்பா பலராமன்.

போட்டிக்கு வந்தவள் கலைமதி, ஜாவாக்காரி. சங்கச் செயலாளர் அப்பாவு அவளை முதலில் கேட்டார்.

"உன்னுது எத்தினி பேருக்கும்மா தெரியும்?"

"நெறைய பேருக்கு சார். எதுனா மக்கர் பண்ணா யார வேணா கேட்டுக்கலாம்."

அப்பாவுவின் முகம் சுருங்கியது. "உன்னுது, தம்பி?"

"எனக்கு மட்டுந்தாங்க."

"பாண்டிச்சேரிக்காரன்கிட்ட இருக்குதா?"

"மெட்ராஸ்லயே இல்லீங்க."

அப்பாவு நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்பிடி வேலை செய்யும்?"

"அதாங்க இதோட தனித்தன்மை. வேற வழியே இல்லைன்ற வரைக்கும் எந்த வேலையும் செய்யாது. கடைசி நிமிஷம் வரைக்கும் சும்மாவே இருக்கும்."

"அட, நம்ம சங்கம் மாதிரியே இருக்குதே!" அப்பாவு நெகிழ்ந்துபோனார்.

ஒரு நாள் வெள்ளோட்டம், முறை சரியாக வந்தால் நாற்காலி திருமுருகனுக்கு என்று தீர்மானம் நிறைவேறியது. கலைமதிக்குப் 'பார்வையாளர்' அந்தஸ்து வழங்கப்பட்டது.

வெள்ளோட்டத்தன்று ஒன்பது லாரிகள் வந்தன. 'கட்டை வைத்தல் கண்டிப்பாகக் கூடாது' என்று வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இந்தக் கரையில் லாரியை யாரும் எண் சொல்லி அழைப்பதில்லை. நெற்றியில் எழுதியிருப்பதுதான் அதன் பெயர். திருமுருகன் பயபக்தியோடு தட்டினான். சவேரியார் துணை. அங்காளம்மன் துணை. அன்னையின் ஆசி. எட்டாவதாக வந்த டிரைவர் பாவாடை, "நம்ம வண்டியும் அங்காளம்மன் துணைதான், எழுதிக்கோ" என்றார்.

க்வில்லா ஆழ்ந்த சிந்தனையில் இறங்கியது. இந்த அங்காளம்மனுக்கு முன்னால் அந்த அங்காளம்மன். அந்த அங்காளம்மனுக்கு முன்னால் இந்த அங்காளம்மன். திரையில் ஒரு சிறு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மேற்கே மேகம் கறுத்தது. உப்பளத்தில் உப்பு அம்பாரம் அம்பாரமாக மூடாமல் கிடந்தது.

"அண்ணா, பேருக்குப் பதிலா வண்டி நம்பரைப் போடுங்களேன்" என்றாள் பார்வையாளர்.

"நம்பர் கேக்கிறது ஜாவா புத்தி." குரலில் கம்பீரம் இருந்தது. விரல் மட்டும் என்டரைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"ஏம்பா, உப்பு கரைஞ்சி கடலுக்குப் போனப்புறம் முறை சொல்லுவியா?" என்றார் பாவாடை.

"யோசிக்குதுங்க."

"பொட்டியா, நீயா?"

முதல் துளி விழுந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை; வாசலில் ஒன்பது கட்டைகள் டொக்டொக்கென்று வரிசையாக விழுந்தன. ஆட்கள் கூடைகளோடு ஓடினார்கள். லாரிகள் முறைப்படி நகர்ந்தன.

அப்பாவு மட்டும் நம்பிக்கை இழக்கவில்லை. "அஞ்சு மணிக்குள்ள சரி பண்ணு தம்பி. உலகத்துல யாரையாவது கேளு. இல்லைன்னா அந்தப் பொண்ணத்தான் உக்கார வைக்கணும்."

திருமுருகன் நனைந்துகொண்டே பிரவுசிங் சென்டருக்கு ஓடினான். உலக க்வில்லா அறிஞர்கள் கூடும் இணையக் குழு ஒன்று உண்டு. ஒரே பெயரில் இருவர் வந்தால் க்வில்லா உறைந்துபோகிறதே, என்ன செய்வது என்று தட்டித் தேடினான். ஏழு கண்டங்களையும் துழாவிய இணையம் ஒரே ஒரு விடையைக் கொண்டுவந்து போட்டது. அச்சு அசலாக இதே சந்தேகத்தை ஒருவர் ஏற்கெனவே கேட்டிருந்தார்.

அவனுக்கு நெஞ்சு விம்மியது. உலகின் ஏதோ ஒரு மூலையில் தன்னைப் போலவே ஓர் உயர்ந்த ஆத்மா! அவசரமாகச் சொடுக்கினான்.

கேட்ட நாள்: 2005 ஜனவரி 20. பதில்கள்: இல்லை. கேட்டவர்: திருமுருகன், மரக்காணம்.