முன்மாதிரிக் கணவருக்கு ஒரு சாட்சி

“உப்பு எங்க இருக்கு?”

“நேத்து இருந்த இடத்துலதான்.”

“நேத்து எங்க இருந்துச்சு?”

“முந்தாநாள் கேட்டீங்களே, அப்ப சொன்ன இடத்துல.”

மனித குலத்தின் மாபெரும் மாற்றங்கள் எல்லாம் இப்படிப்பட்ட எளிய கேள்விகளில்தான் பிறந்திருக்கின்றன என்பது என் துணிபு. ஓர் ஆண் சமையலறையில் நின்று உப்பைத் தேடுகிறான். அவன் மனைவி கூடத்துத் தரையில் உட்கார்ந்து ரயிலை நிறுத்துவது எப்படி என்று படித்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆண் நான் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மனைவி ரயில் பணிமனையில் மெக்கானிக். மறுநாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு ஓட்டுநர் தேர்வு. நிஜத் தண்டவாளத்தில் நிஜ ரயிலை ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். குழந்தைகள் காப்பகம் மூடியிருக்கும் என்பதால் பாப்பாவை நான் பார்த்துக்கொள்வதாக வாக்களித்து, லீவும் போட்டிருந்தேன். அவள் ரயில் ஓட்டுவதற்கு ‘அனுமதி’ அளித்ததே நான்தான். அவள் கேட்கவில்லை. கேட்ட பிறகு கொடுப்பது என்ன பெருந்தன்மை?

போன் அடித்தது. எங்கள் அலுவலக மேலாளர். கையெல்லாம் முட்டையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“தம்பி, நம்ம சமத்துவக் குழு மீட்டிங் இப்பதான் முடிஞ்சுது. ‘ஆணுக்கு இந்த வேலை, பெண்ணுக்கு இந்த வேலை என்ற பழைய பங்கீடு சமூகத்துக்கு இனித் தேவையில்லை’. ஏகமனதா தீர்மானம்.”

“லேடீஸ் என்ன சார் சொன்னாங்க?”

“அவங்க எங்கப்பா இருந்தாங்க? ஆறு மணிக்கு மேல மீட்டிங் வச்சா அவங்களால எப்படி உக்கார முடியும்? வீட்ல பிள்ளைங்க இருக்குல்ல.”

குழுவின் இந்தக் கரிசனம் என்னை உருக்கியது. மேலாளர் தொண்டையைச் செருமினார்.

“இந்த வருஷ ‘முன்மாதிரிக் கணவர்’ நீதான். கேன்டீன்ல நீ டம்ளர் கழுவுனதை மூணு பேர் பாத்திருக்காங்க.”

கண் கலங்கியது. அது என்னுடைய டம்ளர்தான் என்ற நுணுக்கத்துக்குள் நான் போகவில்லை. கூடத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது; மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

“ஒரே ஒரு விதி இருக்கு. மனைவி மேடைக்கு வந்து, ‘என் முன்னேற்றத்துக்கு இவர்தான் காரணம்’னு சாட்சி சொல்லணும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விழா.”

சிரிப்பு நின்றது. நான் கூடத்தை எட்டிப் பார்த்தேன்.

“பத்து மணிக்கு உனக்கு ஏதோ இருக்குல்ல?”

“ஏதோ இல்ல. ரயில்.”

“ரயில் எப்பவும் லேட்டாதானே வரும்?”

“ஓட்டறவங்க மேடையில சாட்சி சொல்லிட்டு இருந்தா லேட்டாதான் வரும்.”

மேலாளர் காது கூர்மையானவர். “அடுத்த வருஷம் ஓட்டிக்கட்டுமே தம்பி. ரயில் எங்க போயிடப் போகுது?”

இக்கேள்வியின் ஆழத்தில் நான் சிறிது நேரம் மூழ்கிக் கிடந்தேன்.

“பாப்பாவை என்ன சார் பண்றது?”

“தூக்கிட்டு வா. போட்டோவுல உன் இடுப்புல இருக்கட்டும். அதான் அழகு. போட்டோ முடிஞ்சதும் அம்மா வாங்கிக்கட்டும்.”

“ஆனா நான் நாளைக்கு லீவு சார்.”

“அதையும் கேன்சல் பண்ணிட்டேன். ‘குழந்தையைப் பார்த்துக்கொள்ள’ன்னு காரணம் போட்டிருந்தியே, அது நம்ம கம்ப்யூட்டர்ல லேடீஸுக்கு மட்டும்தான் வருது. ஆம்பளைங்களுக்கு அம்மை, விபத்து, சாவு, இவ்வளவுதான். நானா உனக்கு ஒரு பெரியப்பாவைச் சாகடிச்சு வச்சிருந்தேன். இப்போ அவரை எழுப்பிட்டேன்.”

எனக்குப் பெரியப்பா கிடையாது. இல்லாத ஒருவரைக் கொன்று, உயிர்ப்பித்து, எனக்காக இத்தனை பாடுபட்ட நிர்வாகத்தை நினைத்து நெஞ்சு விம்மியது. ஒரு தந்தை தன் குழந்தையுடன் வீட்டில் இருக்க யாராவது செத்தாக வேண்டும் என்பது எவ்வளவு மேலான ஏற்பாடு. கண்டவனும் குழந்தையைத் தூக்கிவிட முடியாது.

இந்த நெகிழ்ச்சியில் முட்டை கருகியதை நான் கவனிக்கவில்லை. மனைவி வந்து அடுப்பை அணைத்தாள். பாப்பா விழித்துக்கொண்டு அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வணக்கம்மா,” என்றார் மேலாளர். “ரெண்டு வார்த்தை சொன்னா போதும். உங்க வீட்டுக்காரர் மாதிரி யாருக்குக் கிடைப்பாங்க?”

“இப்பவே சொல்லிடறேன் சார். நாளைக்கு நான் ரயில் ஓட்டுனா, அதுக்கு இவர்தான் காரணம். ஓட்டலைன்னாலும் இவர்தான்.”

“அருமை. இதையே மேடையில சொல்லிடுங்க.”

அவள் பாப்பாவை என் இடுப்பில் வைத்தாள். போட்டோ எடுக்கச் சமையலறையில் ஆளில்லை. முட்டைக் கையோடு எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நான் குழந்தையை முழங்கையால் அணைத்துக்கொண்டேன். அவள் போனை எடுத்து என் வாயருகே நீட்டினாள். மறுமுனையில் மேலாளர், “ஹலோ, தம்பி, லைன்ல இருக்கியா?” என்றார்.

“சார் கேக்கறாரு பாருங்க,” என்றாள் அவள். “பெரியப்பா யாரும் வேண்டாம். குழந்தையைப் பாத்துக்கணும், நாளைக்கு லீவு வேணும்னு உங்க வாயாலயே கேக்கறீங்களா?”