நாலாவது டப்பா வண்டுகள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, கையில் டேப் பிசுபிசுப்போடு மாமனார் எழுதுவது.

இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலம். வண்டுகள் நலமில்லை. அது உங்களுக்கு நல்ல செய்தி என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆய்வகத்தில் ஏசி பழுதானதால், வெளியூர் கிளம்புமுன் நம் குளிர்ந்த பின்னறையில் வைக்கச் சொல்லி மகளிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய நான்கு வண்டு டப்பாக்களையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். வண்டைக் கொல்வதில் எந்தப் பூஞ்சை கெட்டிக்காரப் பூஞ்சை என்று தேர்ந்தெடுத்துச் சொன்னால்தான் உங்கள் வேலை நிரந்தரமாகும் என்று அவள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "பார்க்க மட்டும் செய்ங்கப்பா, தொடாதீங்க" என்றாள். நான் எதைத் தொட்டேன்? மூடிகளில் ஊசி ஊசியாக ஓட்டைகள். "வண்டு வெளிய வந்துச்சு, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று உங்கள் மாமியார் மிரட்டினாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் உங்கள் வேலையை நினைத்து ஓட்டைகளை டேப் ஒட்டி அடைத்தேன். அடைக்கும்போதுதான் கவனித்தேன், மூன்று டப்பாக்களில் வெள்ளையாகப் பூஞ்சைப் பொடி, நாலாவதில் ஒன்றுமே இல்லை! மேலே 'பூஞ்சை இல்லை, ஒப்பிட மட்டும்' என்று சீட்டு வேறு. பூஞ்சை தீர்ந்துபோனதை இவ்வளவு நாசூக்காக எழுதிய உங்கள் தன்மானம் என்னை உருக்கிவிட்டது. நம் மாப்பிள்ளைக்கு ஒரு குறை வரலாமா என்று மற்ற மூன்றிலிருந்தும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்துத் தூவி, நாலாவதையும் நிரவிவிட்டேன். இன்று நான்கிலும் வண்டுகள் ஒன்று விடாமல் மல்லாந்து கிடக்கின்றன. காய்கறிக் கடையில் உங்கள் ஆய்வக டைரக்டரைப் பார்த்தேன். "நாலுமே பிரமாதம் சார், அதுலயும் நாலாவது நம்ம சொந்தக் கலவை" என்றேன். மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். உங்கள் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவை எழுதத்தான் ஓடியிருப்பார்.

பதவியும் பூஞ்சையும் பெருகி, பல்லாண்டு வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு: கவரை ஒட்டுமுன் மகள் வந்து இதைப் படித்துவிட்டாள். என் கைராசி தெரிந்து, நிஜ டப்பாக்களை முதல் நாளே டைரக்டர் வீட்டில் வைத்துவிட்டாளாம். இங்கிருந்தவை நம் அரிசி டின் வண்டுகள், பொடி அவளுடைய முகப்பவுடர், சீட்டு அவள் எழுதியது. "மூச்சு முட்டித்தாம்ப்பா செத்திருக்கு!" என்கிறாள். உங்கள் வேலைக்கு ஆபத்தில்லை என்றதும்தான் எனக்கு உயிர் வந்தது. இருந்தாலும் மாப்பிள்ளை, அந்த டேப்பையும் ஒருமுறை ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்களேன். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.