உக்குவளையைத் தாண்டிட்டேன்

"உக்குவளையைத் தாண்டிட்டேன் விஜிதா. இந்தா, ஏற்றத்துல ஏறிக்கிட்டு ஈக்கிறேன்" என்று ரவூப் பாஸ் எல்கடுவ மலைக்குப் போனில் சொன்னபோது, அவர் மாத்தளையில் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் கால்சட்டைக்குள் போயிருந்தது. மற்றது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

குசினியிலிருந்து மனைவி நஸ்மியாவின் குரல் வந்தது. "வண்டி வாசல்ல நிக்கிது. நூறு பர்சன்ட்."

ரவூப் போனை உள்ளங்கையால் பொத்தினார். "மெதுவாப் பேசு. லைன்ல ஆள் ஈக்கி."

"நான் பேசல்ல. போன்ல காட்டுறதச் செல்றேன்."

பாஸ் என்று ஊர் கூப்பிடும் குழாய் வேலைக்காரர்களுக்கு இதெல்லாம் பொய்க் கணக்கில் சேராது. தொழில் மரியாதை. "பக்கத்துலதான் நிக்கிறேன்" என்றால் பல் விளக்குகிறார் என்று அர்த்தம். "உக்குவளையைத் தாண்டிட்டேன்" என்றால் எப்படியும் இன்றைக்கு வந்துவிடுவார். கூப்பிட்டவர்களுக்கும் இது தெரியும். அதற்கேற்ற மாதிரி அவர்களும் ஆறுதலாகத் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்கள். இத்தனை வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய இந்த ஏற்பாட்டில் மண்ணள்ளிப் போட்டது இந்த மின்சார வேன்தான்.

வேன் இன்னும் ரவூபின் கைக்கு முழுசாக வரவில்லை. அவருடைய பழைய டீசல் வேன் மூச்சை விட்ட பிறகு, டவுனில் வாகனம் விற்கும் ஹுஸ்னியின் இடத்தில் இந்தச் சின்ன வெள்ளை வேனைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே மனசைப் பறிகொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது நஸ்மியா, கல்யாண வீடொன்றுக்கு பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தாள். ஆர்டருக்குச் சமைத்துக் கொடுப்பது அவள் தொழில். அகப்பையைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் கேட்டாள். மறுநாள் ஹுஸ்னியின் இடத்துக்கு வந்து, தையல் நாடாவை எடுத்து வேனின் பின்பக்கத்தை அளந்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரு கிழமை, ஏழு நாள், பார்ப்போம். வியாழக்கிழமை வரைக்கும். நடுவுல ஒரு பிழை நடந்தாலும் சாவி ஹுஸ்னிட கைக்குப் போய்ரும். நீங்க எங்கட நானாட கடையில போய் உக்காருங்க."

நானா என்றால் அண்ணன்; அவளுடைய அண்ணன் ஜமால்தீன். உக்குவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். அந்தக் கடையில் ரவூபுக்கென்று ஒரு ஸ்டூல் வெகுகாலமாகக் காத்திருந்தது. காலையிலிருந்து மாலை வரை ஆணி நிறுத்துப் போட்டுக்கொண்டு, மச்சானின் உபதேசத்தையும் கேட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே ரவூப் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். தானே ராஜா, தானே மந்திரி என்று வாழ்ந்த மனுஷர் அவர்.

ஜமால்தீனோ, வேனைப் பார்த்ததும் சிரித்தே விட்டார். "பெட்டரி வேன்ல எல்கடுவ ஏறப் போறியா மச்சான்? போற வழியில எனக்குப் போன்ல கோல் எடு. கட்டி இழுக்கக் கயிறோட வாறேன்."

ஹுஸ்னி வேறு சும்மா இருக்கவில்லை. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று காட்டும் வித்தையை நஸ்மியாவின் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டான். அதற்கான சின்னக் கறுப்புப் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே ஒட்டியிருந்தது.

ஆனால் வேனைக் குறை சொல்ல வாயில்லை. இரவில் குசினி ஜன்னல் வழியாக வயரை நீட்டினால் போதும், விடியும்போது வயிறு நிறைந்து நிற்கும். குழாய், ஏணி, மோட்டர், பெட்டி பெட்டியாகச் சாமான் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். புகை இல்லை, நடுக்கம் இல்லை. காலையில் ஸ்டார்ட் எடுக்கும்போது அடுத்த வீட்டுக்காரர் திட்டுவதில்லை. ஜமால்தீனின் வேனில் ஒருமுறை அனுப்பிய பிரியாணியில் டீசல் வாசம் அடித்ததென்று ஒரு கல்யாண வீடே நஸ்மியாவோடு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்தது. இந்த வேனில் அந்தக் கதையே கிடையாது.

ஆக, கடைசி நாள். எல்கடுவ தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தண்ணீர் மோட்டர் நின்றுவிட்டது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. பொறுப்பாக இருப்பவள் விஜிதா. இன்றைக்கு அங்கே பிள்ளைகளுக்கு விருந்து. அதற்குத் தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் அடித்து அவிக்கும் வட்டலப்பம் நஸ்மியாவிடம்தான் சொல்லியிருந்தார்கள்.

மூன்று பெரிய தட்டு வட்டலப்பத்தை சில்வர் பேப்பரால் மூடி, குழாய்த் துண்டுகளுக்கு நடுவில் நஸ்மியாவே கொண்டுவந்து வைத்தாள். "ஒரு வெடிப்பு விழப்படாது. விளங்கிச்சா?"

"நான் மோட்டர் செய்யப் போறேன். வட்டலப்பம் விக்க இல்ல."

"வியாழக்கிழமை இன்னும் முடியல்ல" என்றாள் நஸ்மியா.

ரவூப் புறப்பட்டார்.

உக்குவளையில் உண்மையிலேயே நுழைந்தபோது, வீதியோரத்தில் முத்தலிப் ஹாஜியார் கையை நீட்டினார். பழைய வாடிக்கை. தட்ட முடியாது.

"குசினிக் குழாய் ஒழுகுது ரவூப். ரெண்டு நிமிஷம்."

பாஸ்மாரின் ரெண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். ரவூப் கொஞ்சம் தந்திரமாக, வேனை வீதியில் விடாமல் வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூட்டுப் பக்கம் பலாமரத்துக்குக் கீழே கொண்டுபோய் ஒளித்தார். பின்கதவைத் திறந்து சாமான் எடுத்தார். குழாயைக் கழற்றினார். போன் அடித்தது.

"எங்க ஈக்கிறீங்க?" என்றாள் நஸ்மியா.

"ஏறிக்கிட்டு ஈக்கிறேன். நல்ல பனி. முன்னுக்கு ஒண்டும் விளங்கல்ல."

"ஹாஜியார்ட வளவுக்குள்ளயா பனி?"

ரவூப் நிமிர்ந்து ஜன்னல் வழியாகப் பலாமரத்தைப் பார்த்தார். பலாமரம் மனுஷக் கண்ணுக்குத்தான் மறைப்பு, போனுக்கு இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதற்குப் பிறகாவது மனுஷர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. குழாயை முடித்துவிட்டு வந்தவர், ஒரு தட்டு வட்டலப்பத்தின் மேலிருந்த சில்வர் பேப்பரை உரித்து, அந்தக் கறுப்புப் பெட்டியை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினார். இனி எவருக்கும் எதுவும் தெரியாது என்று மனம் குளிர்ந்து வேனை எடுத்தார்.

வேன் கிளம்பியது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. பின்கதவு திறந்து கிடந்த நேரத்தில் உள்ளே ஏறி, குழாய்களுக்கிடையில் சுகமாகப் படுத்திருந்த ஹாஜியாரின் சிவப்புக் கோழிக்கும் கேட்கவில்லை. டீசல் வேனாக இருந்தால் சாவியைத் திருப்பிய உடனேயே பறந்திருக்கும். இது தொட்டிலில் போவது மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு எல்கடுவ ஏற்றத்தில் பாதி தூரம் போய்விட்டது.

தேயிலை மலை தொடங்கும் வளைவில்தான் கோழிக்கு விழிப்பு வந்தது. எழுந்து நின்று, மூடியில்லாத வட்டலப்பத்தின் மேல் நாலைந்து அடி நடந்து பார்த்தது. கால் ஒட்டியதும் ஊரைக் கூட்டியது.

ரவூப் வேனை ஓரம் கட்டி, கோழியோடு மல்லுக்கட்டி, அதைத் தூக்கி முன் சீட்டில் வைத்தார். அந்த நேரம் பார்த்து போன்.

"வண்டியவே காணல்ல போன்ல. என்ன செஞ்சீங்க?" என்றாள் நஸ்மியா. அதற்குள் கோழி ஒரு சத்தம் போட்டது. "பக்கத்துல யாரு?"

"கோழி."

வாழ்க்கையில் ஒரு நாள் உண்மை சொன்னார். அதை யார் நம்பப் போகிறார்கள்?

"நான் நானாவ அனுப்புறேன்" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

ஜமால்தீன் இதற்குத்தானே காத்திருந்தார். கடையைப் பூட்டி, கயிற்றைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, டீசல் வேனை விரட்டிக்கொண்டு வந்தார். ரவூப் வட்டலப்பத்துக்குப் பயந்து எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்ததால் சீக்கிரமே பின்னால் பிடித்தும் விட்டார். ஹோர்ன் அடித்தார். கையைக் காட்டினார். முந்திப்போய் மறிப்பதற்காக ஓங்கி மிதித்தார். அடுத்த வளைவில் அவருடைய வேனின் மூக்கிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பியது. வேன் நின்றது.

ரவூப் கண்ணாடியில் பார்த்தார். விட்டுவிட்டுப் போக மனசு ஏவியது. ஆனாலும் பாவம், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவர். ஏற்றத்திலேயே பின்னால் உருட்டி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க மச்சான். கோழியக் கொஞ்சம் மடியில வச்சிக்கிங்க."

ஜமால்தீன் கயிற்றை ஒரு கையிலும் கோழியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முழங்காலுக்குப் பக்கத்தில் பளபளவென்று தெரிந்ததைப் பார்த்தார். "இது என்ன, வண்டிக்குத் தலப்பாவா?" என்று சில்வர் பேப்பரைப் பிரித்தெடுத்து, பின்னால் திறந்து கிடந்த தட்டை மூடினார். ரவூப் வேனை எடுத்தார்.

வேன் சத்தமில்லாமல், மூச்சு வாங்காமல், பனிக்குள் ஏறிக்கொண்டே போனது. நாலாவது வளைவில் ஜமால்தீன் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "மச்சான், இஞ்சின் நிக்கல்லயே?" என்றார்.

"இதுதான் அதுட சத்தம்."

பிள்ளைக் காம்பரா வாசலில் விஜிதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் வாளிகளோடு நின்றார்கள். ரவூப் மோட்டரைக் கழற்றி, தேய்ந்துபோன ரப்பர் வளையத்தை மாற்றிப் பூட்டி, சுவிட்சைப் போட்டார். ஒரு அசைவும் இல்லை.

"கரண்ட் இல்ல பாஸ்" என்றாள் விஜிதா. "வயர் மேல மரம் விழுந்துருச்சு."

"இத முந்தியே செல்லப்படாதா?"

"நீங்க உக்குவளையைத் தாண்டிட்டேன்னு சொன்னப்ப கரண்ட் இருந்துச்சு. அப்பவே வந்திருந்தீங்கன்னா டேங்க் நிறைஞ்சிருக்கும். உள்ள பாருங்க, புள்ளைங்களுக்குக் குடிக்கக் கூட சொட்டுத் தண்ணி இல்ல."

உள்ளே ஒரு குழந்தை அழுவது கேட்டது. ரவூபுக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போயிற்று. ஜமால்தீன் அவரைப் பார்க்காமல் கோழியைப் பார்த்தார்.

வேனின் பின்பக்கத்தில் வீட்டுச் சுவரில் இருப்பது போலவே ஒரு பிளக் பேஸ் இருந்தது. டிரில் ஓட்டத்தான் ரவூப் அதைப் பாவிப்பார். இப்போது வயரை இழுத்து மோட்டரைச் செருகினார். ஒரு நொடி. பிறகு மோட்டர் உறுமியது, குழாய் இருமியது, தண்ணீர் டேங்கில் விழும் சத்தம் கேட்டது. பெண்கள் வாளியைத் தட்டிச் சிரித்தார்கள். ஜமால்தீன் வேனைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். குனிந்து அடியிலும் பார்த்தார். அந்த வேனைப் பார்க்க ரவூபுக்குக் கண் கலங்கியது, பனி என்று சொல்லிச் சமாளித்தார்.

போன் அடித்தது. "வண்டி நிக்கிது. சார்ஜ் கடகடன்னு இறங்குது. என்ன நடக்குது அங்க?"

ரவூப் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் நல்ல பொய் ஒன்று நுனிநாக்குக்கு வந்தது. டேங்கில் விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அதை விழுங்கினார்.

"கேளு. காலையில நான் கட்டில்ல ஈந்துதான் உக்குவளைன்னு சென்னேன். ஹாஜியார்ட குழாய் செஞ்சேன். ஒன்ட சில்வர் பேப்பர எடுத்துப் பெட்டியச் சுத்தினேன். அதால கோழி ஒரு தட்டு வட்டலப்பத்த மிதிச்சிட்டு. அது போச்சு. மத்த ரெண்டும் கண்ணாடி மாதிரி ஈக்கி. இப்ப வண்டியில ஈந்து புள்ளைங்களுக்குத் தண்ணி ஏத்துறேன். சார்ஜ் முடிஞ்சா முடியட்டும்."

"சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள் நஸ்மியா. அவள் திட்டியிருந்தால் கூட ரவூபுக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

டேங்க் நிறைந்து, பிள்ளைகள் வட்டலப்பம் தின்று முடித்தபோது வேனில் ஒன்பது பர்சன்ட்தான் மிச்சம். இறக்கம் முழுக்க ரவூப் திக்ருச் சொல்லி அல்லாஹ்வை நினைத்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் ஜமால்தீன் திரையைச் சுட்டிக் காட்டினார்.

"மச்சான், இது பதினொண்டு. இப்ப பன்ரெண்டு. கூடுதே."

"இறங்கக்குள்ள அதுவே சார்ஜ் ஏத்திக்கும்."

"டீசல் ஊத்தாமலே டேங்க் நிறையிதா? இது எனக்கு முந்தியே தெரியாமப் போச்சே" என்ற ஜமால்தீன், வழியோரத்தில் ஆறிக்கொண்டிருந்த தன் வேனைத் தாண்டும்போது திரும்பியும் பார்க்கவில்லை.

கோழியை ஹாஜியாரிடம் ஒப்படைத்தார்கள். அது இறங்க மனமில்லாமல்தான் இறங்கியது. ஜமால்தீன் கடையடியில் இறங்கியபோது, "ஸ்டூல் ஈக்கி, யோசிக்காத" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். ரவூபுக்கு அது நெஞ்சில் குத்தியது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஹுஸ்னியின் இடத்துக்குப் போனார். வேனைத் துடைத்தார். ஸ்டியரிங்கை ஒருமுறை தடவினார். சாவியை மேசையில் வைத்தார்.

"எடுத்துக்க ஹுஸ்னி. வண்டியில ஒரு குறையும் இல்ல. பிழை என்ட. வட்டலப்பம் ஒண்டு போச்சு."

ஹுஸ்னி சாவியை எடுத்து, திரும்ப அவர் சட்டைப் பையிலேயே போட்டான்.

"தெரியும் நானா. நஸ்மியா ராத்தா இப்பதான் கோல் எடுத்தா. நீங்களே வாயால உண்மையச் சென்னீங்களாம்."

"அப்ப பிழை நடந்தாலும் வண்டிய வாங்கலாம்னு சென்னாளா?"

"வண்டிய அவங்க போன கிழமையே வாங்கிட்டாங்க, அவங்கட சாப்பாட்டு ஓடருக்கு" என்றான் ஹுஸ்னி. "இந்த ஒரு கிழமையா ராத்தா ஓட்டிப் பார்த்தது டிரைவரைத்தான்."